“எதினாலே ஆவியைப் பெற்றீர்கள்?” – கலாத்தியர் 3ஐ வன்னியில் ஒரு வீட்டுக்கூட்டத்தில் படிப்பது எப்படி

பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தில் 3ஆம் அதிகாரத்தின் முதல் 14 வசனங்களை ஒன்றரை மணித்தியாலத்தில் படித்து முடிக்கலாம். படிப்பிக்கிறவர்கள் இதில் இடறுவது பெரும்பாலும் இறையியலில் இல்லை, தமிழில்தான். பவுல் ஒரேயொரு கேள்வி கேட்கிறார்: பரிசுத்த ஆவி உங்களுக்கு வந்தது நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசேயின் சட்டத்தைச் செய்ததாலா, கேட்டு விசுவாசித்ததாலா? அந்தக் கேள்வி காதில் சரியாக விழுந்துவிட்டால் மிச்சத்தைச் சனங்களே சொல்லிவிடுவார்கள். விழாவிட்டால் இரண்டு மணித்தியாலம் பிரசங்கித்தும் பலனில்லை.

ஆயத்தம்

8 முதல் 12 பேர் போதும். அதற்கு மேல் வந்தால் இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள். 20 பேர் கூடினால் வாய் திறப்பது நாலு பேர்தான், அந்த நாலு பேரும் வழமையாகப் பேசுகிறவர்களாகவே இருப்பார்கள். காலபோக அரிவுவெட்டு நாட்களில் கூட்டம் வைக்கவேண்டாம், வந்தவர்களும் நித்திரை தூங்குவார்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்தில் யானை வரும் கிராமங்களில் பொழுதுபட முன்னரே ஆட்கள் வீடு போய்ச் சேரவேண்டும். அங்கே பின்னேரம் 3.30க்குத் தொடங்கி 5 மணிக்கு முடிப்பதே சரி.

கொண்டுபோக வேண்டியவை: 4.5 மீற்றர் கயிறு, அதில் கட்ட மூன்று வர்ணத் துணித்துண்டுகள், சீஆர் கொப்பித் தாள் பத்து (ஒவ்வொன்றையும் நாலாகக் கிழித்தால் 40 துண்டு), ஆறேழு பேனை. வேதாகமத்தில் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று வேண்டும். கத்தோலிக்கர் வருவார்களானால் திருவிவிலியமும் ஒன்று வேண்டும். மன்னார்ப் பக்கத்திலும் முல்லைத்தீவுக் கரையோரத்திலும் இதை மறந்து போனால் முதல் பத்து நிமிடத்திலேயே அரைவாசிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவார்கள். ஒரு மொழிபெயர்ப்பில் நியாயப்பிரமாணம், மற்றதில் திருச்சட்டம். ஒன்றில் பரிசுத்த ஆவி, மற்றதில் தூய ஆவி. ஒன்றில் விசுவாசம், மற்றதில் நம்பிக்கை. இரண்டும் ஒன்றுதான் என்று தொடக்கத்திலேயே சொல்லி, இரண்டு சொல்லையும் மாறி மாறிப் பாவியுங்கள்.

பின்னணிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கவேண்டாம். கலாத்தியா இன்றைய துருக்கியின் நடுப்பகுதி. பவுல் அங்கே யூதரல்லாத சனங்களுக்கு நற்செய்தி சொன்னார், அவர்கள் விசுவாசித்தார்கள், ஆவியைப் பெற்றார்கள். அவர் போன பிறகு வேறு சிலர் வந்து, “இது போதாது, விருத்தசேதனம் (ஆண்களின் நுனித்தோலை வெட்டும் யூதச் சடங்கு) பண்ணவேண்டும், மோசேயின் சட்டத்தைக் கைக்கொள்ளவேண்டும்” என்றார்கள். கி.பி. 50ஐ ஒட்டிய ஆண்டுகளில் பவுல் எழுதிய பதில்தான் இந்த நிருபம். வழமையாக அவர் தொடக்கத்தில் எழுதும் நன்றி வார்த்தை இதில் இல்லை. வாழ்த்து முடிந்த கையோடு கோபம் தொடங்குகிறது.

வாசிக்க முன்னர் துடைக்கவேண்டிய நாலு சொற்கள்

முதலாவது, கேள்வி. பழைய மொழிபெயர்ப்பில் 2ஆம் வசனம் “விசுவாசக் கேள்வியினாலேயோ” என்கிறது. இன்றைக்குக் கேள்வி என்றால் வினா. ஆகவே கேட்கிறவர்களில் பாதிப்பேர், விசுவாசத்தைப் பற்றிய ஏதோ ஒரு வினா என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். இங்கே கேள்வி என்பது காதால் கேட்பது. திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குப் பெயரே கேள்வி. “செல்வத்துட் செல்வம் செவிச்செல்வம்” என்று தொடங்குவது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்று வட்டத்தில் இருந்தால் அதைக்கொண்டே சொல்விக்கலாம். கிரேக்க மூலத்தில் உள்ள சொல், கேட்பதையும் குறிக்கும், கேட்கப்படும் செய்தியையும் குறிக்கும். இந்த ஒரு சொல்லுக்கு எட்டு நிமிடம் கொடுங்கள். பவுல் ஒரு பக்கத்தில் செய்வதை வைக்கிறார், மறுபக்கத்தில் கேட்பதை. கையும் காதும். கை எட்டிப் பிடிக்கும், காதுக்குப் பிறர் சொல்லவேண்டும்.

இரண்டாவது, கிரியை. சைவக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தச் சொல் வெறும் ‘செயல்’ இல்லை. அந்தியேட்டிக் கிரியை, இறுதிக் கிரியை, சரியை கிரியை யோகம் ஞானம் என்று பழகிய காது அது. அந்தக் காது இங்கே பாதி உதவும், பாதி கெடுக்கும். கலாத்தியாவில் வழக்கு விருத்தசேதனம், சாப்பாட்டு விதி, நாள் மாதம் பார்ப்பது (4:10) ஆகியவற்றைச் சுற்றியே நடந்தது. அந்த அளவில் சடங்கு என்று விளங்கிக்கொள்வதில் பிழையில்லை. ஆனால் 3:10க்கு வரும்போது பவுல் சட்டம் முழுவதையும் இழுத்து வைக்கிறார். “சடங்கை விட்டோம், இனி ஒழுக்கத்தால் ஆவியைச் சம்பாதிப்போம்” என்று யாராவது தப்பிக்கப் பார்த்தால் அந்த வசனத்தைக் காட்டுங்கள்.

மூன்றாவது, மாம்சம். “ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவு பெறப்போகிறீர்களோ?” என்று வாசித்ததும் இளம் ஆட்கள் நிலத்தைப் பார்ப்பார்கள். இங்கே பேச்சு இச்சையைப் பற்றியது இல்லை. உடம்பில் செய்யும் விருத்தசேதனமும், மனிதனின் சொந்த முயற்சியுமே இங்கே மாம்சம். மாம்சத்தின் கிரியைகள் 5ஆம் அதிகாரத்தில் வரும். அது வேறு நாள்.

நாலாவது, முதல் வசனத்தின் “மயக்கினவன்”. கிரேக்கச் சொல் கண்ணூறு படுத்துவதைக் குறிப்பது. வன்னியில் இதை விளக்கவே தேவையில்லை. “ஆற்ற கண் பட்டது உங்களுக்கு?” என்று பவுல் கேட்கிறார் என்று சொன்னால் ஆச்சிமார் சிரிப்பார்கள், வசனமும் மனதில் நிற்கும். அதற்காகக் கண்ணூறு உண்டா இல்லையா என்ற விவாதத்துக்குள் போய்விடவேண்டாம். அந்தப் பக்கம் திரும்பினால் அன்றைய பின்னேரம் முடிந்தது.

துண்டுக் கடதாசி

வேதாகமத்தைத் திறக்க முன்னர் ஆளுக்கு இரண்டு துண்டு கொடுங்கள். “ஒருவர் ஆவியைப் பெற என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்? ஒரு துண்டில் ஒன்று எழுதுங்கோ, பெயர் வேண்டாம்.” எழுத வராதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்கலாம். “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்” என்று கேட்காமல் “சொல்லித் தந்திருக்கிறார்கள்” என்று கேட்பதில்தான் சூட்சுமம். தன் கருத்தைக் கேட்டால் சரியான பதிலைத் தேடுவார்கள். சொல்லித் தந்ததைக் கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள்.

எல்லாவற்றையும் பாயில் பரப்பி, ஒன்றொன்றாகச் சத்தமாக வாசியுங்கள். தோட்டைக் கழற்றவேண்டும், பொட்டை அழிக்கவேண்டும், படையல் சாப்பிடக்கூடாது, நாற்பது நாள் உபவாசம், தசமபாகம், ஞானஸ்நானம், உறுதிபூசுதல், பாவசங்கீர்த்தனம், அந்நிய பாஷை, மடு மாதா கோவிலுக்கு நடந்து போகவேண்டும் என்று வரும். முகத்தைச் சுளிக்காதீர்கள், சிரிக்காதீர்கள், எதையும் இப்போது தள்ளவும் வேண்டாம். அந்தத் துண்டை எழுதினவர் இரண்டு அடி தூரத்தில் இருக்கிறார்.

பவுல் கேட்டதை அப்படியே கேட்பது

இப்போது 3:1–5ஐ இரண்டு தரம் வாசியுங்கள், இரண்டாவது தரம் வேறு குரலில். பிறகு சுற்றிவரக் கேளுங்கள்: “உங்களுக்கு முதல்முதல் கடவுள் கிட்ட வந்த மாதிரி இருந்தது எப்ப? அதுக்கு முதல் என்ன நடந்தது?” ஆளுக்கு இரண்டு வரி, அதற்கு மேல் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா வந்து செபித்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருவர் வாசித்துக் காட்டியது, பிள்ளையைத் தேடித் திரிந்தபோது யாரோ சொன்ன ஒரு வசனம் என்று பதில்கள் வரக்கூடும். இவற்றில் பெரும்பாலானவற்றில் விதிகள் பிறகுதான் வந்திருக்கும். அதை நீங்கள் எடுத்துச் சொல்லவேண்டாம். பாயில் கிடக்கும் துண்டுகளைப் பார்த்து ஒருவரே சொல்லும்வரை பொறுங்கள். பவுலும் இதைத்தான் செய்தார்: வேதவசனத்துக்குப் போக முன்னர் அவர்களின் நினைவைக் கேட்டார்.

4ஆம் வசனத்தில் ஒரு எச்சரிக்கை. “இத்தனை பாடுகளையும் வீணாய்ப்பட்டீர்களோ?” என்பதை வன்னியில் வாசிக்கும்போது யாருக்கும் கலாத்தியா நினைவுக்கு வராது. 2009 தான் வரும். மே 18ஐ ஒட்டிய கிழமைகளில் இந்தப் பகுதியை எடுக்காமல் விடுவது நல்லது. மற்ற நாட்களில், மூலச்சொல் ‘பாடுபடுதல்’, ‘அனுபவித்தல்’ என்று இரண்டு பொருளும் கொள்ளும் என்பதையும், அங்கே பேச்சு அவர்கள் ஆவியினால் கண்ட அனுபவங்களைப் பற்றியதாகவும் இருக்கலாம் என்பதையும் சொல்லிவிட்டு நகருங்கள். பட்ட துன்பத்துக்குக் கூலியாக ஆவி வந்தது என்று ஒருபோதும் சொல்லவேண்டாம். அது துன்பத்தையே ஒரு சட்டமாக்கும் வேலை. இழப்புகளைச் சொல்லும்படி யாரையும் தூண்டவும் வேண்டாம். யாராவது தானாகச் சொன்னால் வசனத்தை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள்.

கயிறு

6ஆம் வசனத்தில் ஆபிரகாம் வருகிறார். இதைப் பேச்சால் விளக்குவதைவிட நிலத்தில் காட்டுவது வேலை செய்யும். கயிற்றில் ஒரு வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று கணக்கு. தலைப்பில் முதல் துணி: ஆதியாகமம் 15:6, ஆபிராம் விசுவாசித்தார், அது நீதியாக எண்ணப்பட்டது. 14 சென்ரிமீற்றர் தள்ளி இரண்டாவது துணி: ஆதியாகமம் 17, விருத்தசேதனம், அப்போது அவருக்கு 99 வயது. இஸ்மவேல் பிறக்கும்போது வயது 86 என்று 16:16 சொல்கிறது. 15ஆம் அதிகாரம் அதற்கும் முன்னர். ஆகவே இடைவெளி 13 வருடத்துக்கு மேல், கயிற்றில் 14 என்று வைக்கிறோம். 430 சென்ரிமீற்றரில் மூன்றாவது துணி: சீனாய் மலை, நியாயப்பிரமாணம் (கலாத்தியர் 3:17). ஒரு பிள்ளையை முதல் துணியில் நிற்கவிட்டு, இன்னொரு பிள்ளையை மூன்றாவது வரை நடக்கவிடுங்கள். “ஆபிரகாம் நீதிமான் ஆனபோது எந்தச் சட்டத்தைக் கைக்கொண்டார்?” என்று கேட்டால் வட்டம் முழுக்கக் கயிற்றைப் பார்க்கும்.

வேதம் நன்றாக வாசிக்கும் ஒருவர், 430 வருடம் எகிப்தில் இருந்த காலம் என்றல்லவா யாத்திராகமம் 12:40 சொல்கிறது என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அந்த வசனத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் எகிப்தோடு கானானில் இருந்த காலமும் சேர்ந்தே வருகிறது. பவுலின் கணக்கு அதோடு ஒத்துப்போகிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும் துணிகளின் ஒழுங்கு மாறாது.

நேரம் இருந்தால் ஆதியாகமம் 15:12–17ஐயும் வாசியுங்கள். அதைப் பலர் தாண்டிவிடுகிறார்கள், பெரிய நட்டம். உடன்படிக்கைக்காகப் பிளந்து வைத்த துண்டுகளுக்கு நடுவே புகைகிற சூளையும் நெருப்புச் சுவாலையும் கடந்து போகின்றன. ஆபிராம் நடக்கவில்லை. அவர்மேல் அயர்ந்த நித்திரை விழுந்திருந்தது. கையால் செய்ததற்கும் காதால் கேட்டதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிடத் தெளிவான படம் கிடைக்காது.

சாபம் என்ற சொல்லில் கவனம்

10 முதல் 13 வரை பவுல் நாலு பழைய ஏற்பாட்டு வசனங்களை அடுக்குகிறார்: உபாகமம் 27:26, ஆபகூக் 2:4, லேவியராகமம் 18:5, உபாகமம் 21:23. அடுக்கின் போக்கு இதுதான்: சட்டத்தால் நிற்பவன் முழுவதையும் கைக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் சாபம், அந்தச் சாபத்தை மரத்தில் தூக்கப்பட்ட கிறிஸ்து தன்மேல் எடுத்துக்கொண்டார், அதன் விளைவாக ஆவியின் வாக்குத்தத்தம் விசுவாசத்தினால் நமக்கு வருகிறது (3:14).

எங்கள் பக்கத்தில் இந்த வசனங்களைத் தலைகீழாகப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை காணாமல் போனது பரம்பரைச் சாபம், வீட்டுக்காரர் இறந்தது முன்னோர் வைத்த படையலின் சாபம், அதை முறிக்க இத்தனை நாள் உபவாசம், இவ்வளவு காணிக்கை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். 13ஆம் வசனம் எதை ஒழித்ததோ அதையே 13ஆம் வசனத்தைக் காட்டி விற்பது இது. ஆவியைக் காசுக்கு வாங்கக் கேட்ட சீமோனுக்குப் பேதுரு என்ன சொன்னார் என்று அப்போஸ்தலர் 8:20இல் இருக்கிறது. அதையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் வேறு விளக்கம் தேவைப்படாது. பெயர் சொல்லி யாரையும் தாக்கவேண்டாம். கேட்கிறவர்களுக்கு ஆளைத் தெரியும்.

துண்டுகளைத் திரும்ப எடுப்பது

இப்போது அப்போஸ்தலர் 10:44–48. பேதுரு இன்னும் பேசி முடிக்கவில்லை, “வசனத்தைக் கேட்டவர்கள் யாவர்மேலும்” ஆவியானவர் இறங்குகிறார். யூதரல்லாத படை அதிகாரியான கொர்நேலியு வீட்டில் ஒருவருக்கும் விருத்தசேதனமும் இல்லை, அந்த நேரத்தில் ஞானஸ்நானமும் இல்லை. பிறகு பேதுரு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறார். பின்னர் எருசலேமில் கூடிப் பேசியபோது பேதுரு காட்டிய ஆதாரமும் இந்த ஒழுங்குதான் (15:8–9).

பாயில் மூன்று இடம் ஒதுக்குங்கள்: ஆவிக்கு முன் வேண்டியது, ஆவியினால் பின் வருவது, இரண்டிலும் சேராதது. ஒவ்வொரு துண்டையும் எங்கே வைப்பது என்று வட்டமே தீர்மானிக்கட்டும். முதல் இடம் கிட்டத்தட்ட வெறுமையாகிவிடும். ‘கேட்பது’ என்று ஒருவர் புதிதாக எழுதி அங்கே வைத்தால் கூட்டம் நன்றாகப் போகிறது என்று பொருள்.

ஞானஸ்நானத்தில் இழுபறி வரும். அப்போஸ்தலர் 8இல் சமாரியருக்கு ஞானஸ்நானத்துக்குப் பிறகு கைவைத்தபோதுதான் ஆவி வந்தது, 19இல் எபேசுவின் ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கும் அப்படியே, 2:38இல் மனந்திரும்புதலும் ஞானஸ்நானமும் முதலில் நிற்கின்றன. ஆகவே கொர்நேலியு வீட்டையே ஒரு புதுச் சட்டமாக்க முடியாது. ஒழுங்கு இடத்துக்கிடம் மாறுகிறது. நியாயப்பிரமாணத்தைச் செய்து முடித்துச் சம்பாதித்தவர் மட்டும் எந்த இடத்திலும் இல்லை. ஞானஸ்நானமும் உறுதிபூசுதலும் பெறுகிற காரியங்கள், சம்பாதிக்கிற காரியங்கள் இல்லை என்று சொன்னால் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் ஒன்றாகத் தலையாட்டலாம். அதற்கு மேலும் வாக்குவாதம் கிளம்பினால் ஒரு தகவல் உதவும்: கிருபையினால் நீதிமானாக்கப்படுவது பற்றி 1999 ஒக்டோபர் 31இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் திருச்சபைகளும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன, 2006இல் உலக மெதடிஸ்தரும் அதில் இணைந்தார்கள். பெரியவர்கள் எழுதி ஒப்பமிட்டதை வைத்து முற்றத்தில் சண்டை பிடிக்கத் தேவையில்லை. அந்நிய பாஷைத் துண்டு பெரும்பாலும் இரண்டாவது இடத்துக்குப் போகும். அது எல்லாருக்கும் கட்டாயமா என்ற வழக்கை கலாத்தியர் 3 தீர்ப்பதில்லை, நீங்களும் தீர்க்கவேண்டாம்.

வழமையாகப் பிழைக்கும் இடங்கள்

“அப்ப எப்பிடியும் நடக்கலாமோ?” என்று ஒரு ஐயா கட்டாயம் கேட்பார். கேட்காவிட்டால்தான் யோசிக்கவேண்டும், பவுல் சொன்னது விளங்கவில்லை என்று பொருள். பதில் 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: அன்பினால் கிரியை செய்கிற விசுவாசம் (5:6), ஆவியின் கனி ஒன்பது (5:22–23). யாக்கோபு 2ஐ எடுப்பவரிடம், அங்கே கிரியை என்பது உடுப்பில்லாதவருக்கு உடுப்பும் சாப்பாடில்லாதவருக்குச் சாப்பாடும் என்று வசனத்தைக் காட்டுங்கள். விருத்தசேதனம் பற்றிய பேச்சே அங்கு இல்லை.

உதாரணம் தேடும்போது வயலுக்குப் போவது எங்களுக்குப் பழக்கம். வரம்பு கட்டுவதால் மழை வராது, மழை வந்த பிறகு தண்ணீர் நிற்க வரம்பு வேண்டும் என்று சொல்வது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கமக்காரர் உடனே திருத்துவார்: “மழைக்கு முதலே வரம்பு கட்டிப்போடவேணும் தம்பி.” அதோடு உங்கள் உதாரணம் நியாயப்பிரமாணத்தின் பக்கம் சாய்ந்துவிடும். வயல் வேண்டாம், குழந்தை பிறந்து குடும்பத்தில் சேர்ந்த பிறகு வீட்டு நடைமுறை பழகுவதைச் சொல்லுங்கள். 3:26உம் 4:6உம் அதே வழியில்தான் போகின்றன. 3:24இல் வரும் ‘உபாத்தி’யையும் இதோடு சேர்க்கலாம். அது வாத்தியார் இல்லை, பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போய்க் கூட்டிவரும் வீட்டு அடிமை. பிள்ளை வளர்ந்ததும் அவன் வேலை முடிந்தது.

முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் வாகனம் நிற்பாட்டாமல் போனால் ஏதோ நடந்துவிடும் என்ற பயத்தைச் சிலர் பகிடியாக எடுப்பார்கள். சைவ அயலவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கக்கூடும், அதை விடுங்கள். அதே பயம் சபைக்குள் வேறு உடுப்பில் இருக்கிறது: “ஒரு ஞாயிறு தவறினால் ஆவி விலகிப்போகும்.” பேசவேண்டியது இதைப் பற்றி.

எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத பிழை, விசுவாசத்தையே ஒரு கிரியையாக்குவது. “உங்களுக்கு விசுவாசம் பத்தாது, அதாலதான் வரேல்லை.” இதைச் சொன்ன நிமிடமே சட்டம் பின்வாசலால் உள்ளே வந்துவிட்டது, தோட்டுக்குப் பதிலாக இப்போது மனதின் அழுத்தத்தை அளக்கிறோம். இப்படி ஒரு துண்டு பாயில் இருந்தால் அதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கவேண்டும். கேட்பதை மறுபடி காட்டுங்கள்: காது பலமாகக் கேட்பதால் செய்தி உண்மையாவதில்லை, சொன்னவர் உண்மையுள்ளவர் என்பதால் உண்மையாகிறது.

கூட்டம் முடிந்த பிறகு

தேத்தண்ணி குடித்து எல்லாரும் எழும்பும்போது ஒருவர் பின்தங்குவார். “எனக்கு ஆவி இருக்கோ எண்டு தெரியேல்லை” என்பார். அவருக்கு இன்னொரு பாடம் நடத்தவேண்டாம், செய்யவேண்டியவை என்று எதுவும் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். கலாத்தியர் 4:6ஐ வாசித்து, தனியே செபிக்கும்போது கடவுளை என்னவென்று கூப்பிடுகிறார் என்று கேளுங்கள். அங்கே இருக்கும் அரமேயச் சொல் எங்கள் வாயில் வரும் ‘அப்பா’வைப் போலவே ஒலிக்கும். தகப்பனை இழந்தவராகவோ தகப்பனிடம் அடிவாங்கி வளர்ந்தவராகவோ இருந்தால் அந்தச் சொல் நோகும். அப்போது ‘ஆண்டவரே’ போதும், வற்புறுத்தாதீர்கள். கைவைத்துச் செபிக்கக் கேட்டால் இரண்டு பேராகச் செபியுங்கள். பெண்ணென்றால் இன்னொரு அக்கா கூட இருக்கட்டும். முன்கதவு திறந்தே இருக்கவேண்டும். துண்டுக் கடதாசிகளை வீட்டுக்காரரிடம் விடாமல் கொண்டுபோய் அடுப்பில் போட்டுவிடுங்கள், யார் எதை எழுதினார் என்று கையெழுத்துப் பார்த்துப் பேச்சு வராமல் இருக்கும்.